ராஜா பெயரில் பள்ளிக்கூடம், யார் பணத்தில்?

(நம் சங்கத்தின் பெங்களூரு விவேக் நகர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பிற ஊர்களில் உள்ள அங்கத்தினர்களும் படிப்பதற்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)

தலைவர் எனக்கு முப்பது நிமிஷம் கொடுத்திருக்கிறார். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகஸ்தனிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் காபியை என் பேச்சுக்குப் பிறகு வைத்திருக்கிறார். நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். பிழைப்புக்குச் சேர்ந்தது தணிக்கைத் துறை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதிய கணக்கைப் பார்த்தே காலம் போயிற்று. அதில் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கட்டடத்தில் எந்தக் கல்வெட்டைப் பார்த்தாலும், "இதற்குப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வந்தது?" என்று மனசு கேட்கும். கோயில் மண்டபத்தில் டியூப் லைட்டின் மேல் உபயதாரர் பெயரைப் பார்த்தால்கூடக் கேட்கும்.

காலையில் நான் நடக்கப் போகும் வழி உங்களில் பலருக்குத் தெரியும். விவேக் நகரிலிருந்து ஆஸ்டின் டவுனைத் தாண்டி ஓசூர் ரோடு வரை. அங்கே இருக்கும் ராஷ்ட்ரீய மிலிட்டரி ஸ்கூல் 1946ல் ஆரம்பிக்கப்பட்டபோது ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியிருந்தது. ராணுவச் சிப்பாய்களின் பிள்ளைகள் படிப்பதற்காக ஏற்பட்டது. அடுத்த வருஷமே நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. பிற்பாடு மன்னர் பெயர் போய்விட்டது. பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த மதிலை ஒட்டி நடக்கும்போது, ராஜாக்கள் பெயரில் ஏன் இத்தனை பள்ளிக்கூடங்கள், அவற்றை உண்மையில் நடத்தியது யார் என்று யோசித்தேன். அந்த யோசனை எங்கள் தாத்தாவிடம் போய் நின்றது.

தாத்தா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் கல்யாண வீடுகளில் சமையல் செய்து ஜீவனம் நடத்தியவர். நிலம் நீச்சு கிடையாது. தாத்தா புதுக்கோட்டையில் மகாராஜா காலேஜில் படித்தார். வாரச் சாப்பாடு. திங்கட்கிழமை வக்கீல் வீடு, செவ்வாய்க்கிழமை வாத்தியார் வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. சம்பளம் அவருக்குத் தள்ளுபடி. நவராத்திரியில் சமஸ்தானத்தில் அரிசியோடு அம்மன் காசு கொடுப்பார்கள். அதையும் வாங்கிக்கொண்டு கிராமத்துக்குப் போவாராம். எனக்கு விவரம் தெரிந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "டேய், நான் தின்னது ராஜா வீட்டுச் சோறுடா. நான் படிச்சது ராஜா குடுத்த படிப்புடா" என்று பெருமையாகச் சொல்வார்.

என் அப்பா தாலுகா ஆபீஸில் ரெவின்யூ குமாஸ்தா. அவர் தாத்தா எதிரில் ஒன்றும் சொல்ல மாட்டார். தாத்தா உள்ளே போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொல்வார்: "ராஜா வயல்ல எறங்கி நாத்து நட்டாராடா? மழையை நம்பி வெதச்ச குடியானவன் கட்டின வரிடா அது."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் இன்றைய என் பேச்சு இருக்கிறது.

முதலில் இங்கிலாந்துக்குப் போய்விட்டு வருவோம். ராஜா பெயர் வைத்த பள்ளிகளுக்கு அந்த நாடு பேர்போனது. நம் குழந்தைகள் பலர் இப்போது அங்கே குடியேறி, தங்கள் பிள்ளைகளைக் கிராமர் ஸ்கூலில் சேர்க்கப் பரீட்சைக்குத் தயார்செய்துகொண்டிருக்கிறார்கள். கிராமர் என்றால் இங்கே நாம் நினைக்கும் ஆங்கில இலக்கணம் இல்லை. லத்தீன் இலக்கணம். நம் பாடசாலையில் ஸம்ஸ்கிருத சப்த ரூபம் உருப்போடுவதுபோல அங்கே பையன்கள் லத்தீன் உருப்போட்டார்கள். பாதிரியாவதற்கும், வக்கீலாவதற்கும், அரசாங்கத்தில் எழுத்து வேலைக்கும் லத்தீன் தேவைப்பட்டது. பல ஊர்களில் லத்தீன் இலவசம். அதே பள்ளியில் எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக்கொள்ளத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை எடுத்துக்கொண்ட பிறகு, 1541ல் கான்டர்பரி, ராச்செஸ்டர், ஈலி, வூஸ்டர் முதலான ஊர்களில் கதீட்ரல் பள்ளிகளைத் தம் பெயரில் திருப்பி அமைத்தார். கிங்ஸ் ஸ்கூல் என்று பெயர். அவற்றில் சில, ஹென்றி பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே படிப்பு நடந்துவந்த இடங்கள்.

அவருடைய பிள்ளை ஆறாம் எட்வர்ட். ஒன்பது வயதில் பட்டத்துக்கு வந்து, பதினைந்து வயதில் 1553ல் காலமானார். இந்தச் சிறுவன் பெயரில்தான் இங்கிலாந்து முழுவதும் பள்ளிகள். இதன் பின்கதை நமக்கு எளிதில் புரியும். நம் கோயில்களில் கட்டளை வைப்பதுபோல, அங்கே வசதியுள்ளவர்கள் நிலத்தை எழுதிவைத்து, தங்கள் ஆத்ம சாந்திக்காக ஒரு பாதிரி தினமும் பூஜை செய்ய ஏற்பாடு செய்வார்கள். ஊர்ச் சங்கங்களும் இப்படி நிலம் வைத்திருந்தன. பூஜை முடிந்த பின் அந்தப் பாதிரியே ஊர்ப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இடங்கள் பல உண்டு. புது மதக் கொள்கை வந்ததும், 1547ல் ஒரு சட்டம் போட்டு அந்தக் கட்டளைச் சொத்துக்கள் எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. படிப்பும் சேர்ந்து நின்றுபோகும் நிலைமை. ஊர்ப் பெரியவர்கள் மனுப் போட்டார்கள். சில இடங்களில் எடுத்த நிலத்தில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்துக்கென்று திரும்பி வந்தது, மன்னர் பெயரோடு. பர்மிங்காம் பள்ளி 1552ல் அப்படி ஏற்பட்டது. ஊரில் இருந்த ஹோலி கிராஸ் சங்கத்தின் நிலத்தில் ஒரு பாகம்தான் அதன் மூலதனம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஊர்ச் சங்கம் நடத்திவந்த பழைய பள்ளிக்கு, எட்வர்ட் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் 1553ல் மன்னர் பெயரில் சாசனம் வந்தது. ஷேக்ஸ்பியர் படித்த பள்ளி என்று கருதப்படுவது அதுதான். அங்கே வாத்தியாருக்கு வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம்.

ஏ.எஃப். லீச் என்ற சரித்திர ஆசிரியர் 1896ல் ஒரு புஸ்தகம் எழுதி, எட்வர்டைப் பள்ளிகளின் ஸ்தாபகர் என்று சொல்வதைவிட அவற்றின் சொத்தைப் பறித்தவர் என்று சொல்வதே பொருத்தம் என்று வாதித்தார். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவு கடுமையாகச் சொல்வதில்லை. மன்னர் பெயரில் சாசனம் கிடைத்ததால்தான் அந்தப் பள்ளிகள் நாலரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தன என்பதும் உண்மை. ஒரு தணிக்கைக்காரனாக நான் எழுதுவது இவ்வளவுதான்: பெயர் மன்னருடையது, மூலதனம் ஊருடையது.

இனி நம் பக்கம் வருவோம். ஆங்கிலப் படிப்பு என்றாலே மெக்காலேயைத்தான் சொல்வோம். அவருடைய குறிப்பு 1835 பிப்ரவரியில் எழுதப்பட்டது. தென்னாட்டில் ராஜாக்களின் ஆதரவில் ஆங்கிலப் பள்ளிகள் அதற்கு முன்பே இருந்தன. 1780களில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன் ஒரு திட்டம் போட்டார். சுவார்ட்ஸ் பாதிரியார் அதை நிறைவேற்றினார். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட்டன. அந்தச் சீமைகளின் அரசர்கள் ஆதரவு கொடுத்தார்கள். கம்பெனி டைரக்டர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷத்துக்கு 250 வராகன் அனுமதித்தார்கள். இந்துப் பிள்ளைகளும் அங்கே ஆங்கிலம் கற்றார்கள்.

சுவார்ட்ஸிடம் வளர்ந்த சரபோஜி மன்னர் 1798ல் பட்டத்துக்கு வந்தார். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டினார். சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குச் சோறு என்று மட்டும் நினைக்க வேண்டாம். அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்துப் பல பாஷைகளில் படிப்பும் சொல்லிவைத்தார்கள். அன்னதானமும் வித்யாதானமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. தஞ்சாவூரில் ஆங்கிலம் கற்ற சுப்பராவ் திருவனந்தபுரம் போய் இளவரசர் சுவாதித் திருநாளுக்கு ஆசிரியராகி, பிற்பாடு அங்கேயே திவானும் ஆனார். அந்தச் சீடர் பட்டத்துக்கு வந்த பிறகு 1834ல் திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி ஏற்பட்டது. ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தலைமை ஆசிரியர். ராஜாவின் இலவசப் பள்ளி என்று அதற்குப் பெயர் வந்தது. 1866ல் அது கல்லூரி. இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ் அதன் வாரிசு.

நம் மைசூர் ஒரு வருஷம் முந்திக்கொண்டது. 1833ல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் ராஜா இலவசப் பள்ளியை ஆரம்பித்தார். மகாராஜா காலேஜின் வேர் அது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1831லேயே ஆட்சி அதிகாரத்தை அவரிடமிருந்து கம்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. அவருக்கு வருஷாந்தர மானியம்தான் மிச்சம். அதிகாரம் போன இரண்டாம் வருஷத்தில் ஒரு ராஜா பள்ளிக்கூடம் திறக்கிறார். அவர் பெயரை அதற்கு வைத்தது நியாயமே. ஆனால் அந்த மானியமும் மைசூர்ச் சீமையின் வருமானத்திலிருந்து வந்ததுதான்.

தாத்தாவின் புதுக்கோட்டையில் ராமச்சந்திர தொண்டைமான் காலத்தில் 1857ல் மகாராஜா பெயரில் இலவசப் பள்ளி தொடங்கியது. 1878ல் கும்பகோணத்துக்குப் பக்கத்து அமராவதியைச் சேர்ந்த சேஷய்யா சாஸ்திரி திவானாக வந்தார். 1880ல் அது காலேஜ் ஆயிற்று. அந்த திவான் காலத்தில்தான் அமானி முறை ஒழிந்தது. அமானி என்றால் இளைஞர்களுக்குத் தெரியாது. விளைச்சலைக் களத்தில் குவித்து, சர்க்கார் ஆள் வந்து பங்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் குடியானவன் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். ஆள் வரத் தாமதமானால் நெல் மழையில் நனையும். அந்தக் களத்து நெல்லும், பிறகு வந்த பணத் தீர்வையும்தான் சமஸ்தானத்தின் வருமானம். காலேஜுக்கு விளக்கெண்ணெய் வாங்கியதும் அதில்தான். தாத்தாவின் சம்பளத்தைத் தள்ளுபடி செய்ததும் அதில்தான். அப்பா மெல்லிய குரலில் சொன்னதைக் கணக்கு உறுதிசெய்கிறது.

கடல் கடந்தும் இதே கதைதான். கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் என்ற பிரசித்தமான பள்ளி 1893ல் ஏற்பட்டது. விக்டோரியா ராணியின் 1887 பொன்விழாவுக்காக ஊரில் வசூலித்த நிதியில் மிஞ்சிய பணத்தை அதற்கு வைத்தார்கள். மேலும் கொடுத்து உதவிய ஸ்தாபகர்களில் சீனர்களின் தலைவர் யாப் குவான் செங்கும், பத்துமலை முருகன் கோயிலை ஏற்படுத்திய நம் தம்புசாமிப் பிள்ளையும் உண்டு. ராணி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்றே பெயர். அங்கே பெயரிலாவது ராஜாவும் இருக்கிறார், மிராசுதாரும் இருக்கிறார். மிராசுதாரின் நிலத்தில் உழுதவன் பெயர் மட்டும் இல்லை.

சரி, பணம் ஊருடையது என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய்ப் படித்தவர்கள் யார்? இதை நம் சபையில் கொஞ்சம் தைரியமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வெளியில் மற்றவர்கள் பேசும்போது நமக்குக் கோபம் வருகிறது. நமக்குள் நாமே பேசிக்கொண்டால் கோபத்துக்கு அவசியம் இராது.

இந்தப் பள்ளிகளை முதலில் அதிகமாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் நம்மவர்கள் முன்வரிசை. புதுக்கோட்டை மகாராஜா காலேஜ் தீரர் சத்தியமூர்த்தியைக் கொடுத்தது. மைசூரில் ஆர்.கே. நாராயணின் தகப்பனார் மகாராஜா ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியர். நாராயண் அங்கே படித்து, 1930ல் மகாராஜா காலேஜில் பட்டம் வாங்கினார். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை அங்கே தத்துவப் பேராசிரியர். இவர்களுடைய உழைப்பும் புத்தியும் சொந்தம். அதில் சந்தேகம் இல்லை. ஏழு வீட்டில் சோறு தின்று தெரு விளக்கில் படித்த பையன்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலும் வகுப்பும் விளக்கும் ஊர்ப் பணம். அந்தப் பணத்தைக் கட்டியவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் வரவில்லை. சிலர் வர நினைக்கவே இல்லை. சிலரை வர விடவில்லை.

மைசூரில் இந்தக் கணக்கை 1918ல் கேட்டார்கள். பிராமணர் அல்லாத சமூகத்துத் தலைவர்கள் மகாராஜாவிடம் முறையிட்டார்கள். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார். உத்தியோகத்திலும் படிப்பு உதவியிலும் மற்றச் சமூகங்களுக்கு இடம் தர வேண்டும் என்று 1919ல் அது சிபாரிசு செய்தது. திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் சம்மதம் இல்லை. உத்தியோகத்துக்குத் தகுதி ஒன்றே அளவுகோல் என்பது அவர் கட்சி. பதவியை விட்டு விலகினார். அவர் கட்டிய கிருஷ்ணராஜ சாகர் தண்ணீரைக் குடிக்கும் பெங்களூர்க்காரன் நான். அவரைப் பற்றிக் குறையாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். தகப்பனாரைச் சிறு வயதில் இழந்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் படித்த அந்தப் பிள்ளை, பூனாவுக்குப் போய் எஞ்சினியரிங் படித்தது மைசூர் சர்க்கார் கொடுத்த உதவியில். தகுதி அவருடையதுதான். அந்தத் தகுதி பூத்துக் காய்க்கத் தண்ணீர் விட்டது சீமைப் பணம். மகாராஜா இரண்டையும் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி புதுக்கோட்டையில் நடந்த ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். மெட்ரிகுலேஷன் தேறிய ஒரு பெண் மகாராஜா காலேஜில் சேர விண்ணப்பம் போட்டாள். அதுவரை ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த இடம். தகப்பனார் அந்தக் காலேஜிலேயே முதல்வராக இருந்த நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். பெண் என்பது ஒரு ஆட்சேபம், தாயாரின் குலம் இன்னொரு ஆட்சேபம். அப்போதைய முதல்வரும் மாணவர்களின் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த ஆட்சேபங்களைத் தள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு போட்டார். உபகாரச் சம்பளமும் கொடுத்தார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னைச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினர். 1954ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் நிதானமாகத்தான் வந்தார்கள். பர்மிங்காமில் எட்வர்ட் மன்னர் பெயரில் பெண்களுக்குப் பள்ளி ஏற்பட்டது 1883ல். மூலதனம் வந்து முன்னூற்று முப்பது வருஷம் கழித்து! 1869ல் வந்த ஒரு சட்டம் பழைய தர்மங்களின் விதிகளைத் திருத்த வழி செய்ததால்தான் அது நடந்தது. அதற்கு முன்பு 1805ல் லீட்ஸ் நகரத்துப் பள்ளியில் லத்தீன், கிரேக்கத்தோடு கணக்கும் புதிய பாஷைகளும் சொல்லித்தரத் தர்மகர்த்தாக்கள் விரும்பியபோது, ஸ்தாபகர் லத்தீன் இலக்கணத்துக்குத்தான் பணம் வைத்தார் என்று எல்டன் பிரபு அதற்கு இடம் கொடுக்கவில்லை. விதி விதிதான். ஆனால் காலம் நகர்ந்துவிட்டது.

எங்கள் தாத்தா அந்தச் சமயத்தில் புதுக்கோட்டையில் மாணவர். முத்துலட்சுமி அம்மாள் பேர் பேப்பரில் வரும்போதெல்லாம் அவர் மௌனமாகிவிடுவார். ஒரு தடவை அப்பா கேட்டதற்கு, "எல்லாப் பசங்களோட சேர்ந்து நானும் அப்போ மொணமொணத்தேன். ராஜா சோத்தைத் தின்னுண்டே மொணமொணத்தேன்" என்றாராம். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் சின்னப் பையன், எனக்குப் புரியவில்லை. 1978ல் என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து அடையாறுக்குக் கூட்டிப்போனேன். ரேடியேஷன் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. தாத்தா அப்போது இல்லை. அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருஷம் இருந்தாள். பேரன் பேத்தி பார்த்தாள்.

இனி சரித்திரத்தை விட்டு நம் கிளை விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் தலைவரிடம் நானாகக் கேட்டு இந்த நேரத்தை வாங்கினேன்.

நம் கிளையின் கல்வி உதவி நிதி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் கமிட்டியில் நானும் ஒருவன். போன வருஷம் ஒரு விண்ணப்பம் வந்தது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மாளின் பெண். பி.யூ.சி.யில் பௌதிகத்தில் நல்ல மார்க்கு. பி.எஸ்ஸி. சேரப் பணம் வேண்டும். நம் விதிப்படி உதவி நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். விதியை எடுத்துக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளச் சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். தணிக்கைக்காரன் வேறு என்ன சொல்வான்? கமிட்டி ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போன பிறகு தாத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மௌனமாக என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

மறுநாள் என் கையிலிருந்து பணம் எடுத்துக்கொண்டுபோய் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொள்வதற்கு முன்னால் ஒன்று கேட்டாள்: "சார், இது சங்கத்துப் பணமா, உங்க பணமா?" என் பணம் என்றேன். "அப்படின்னா கடனா எழுதிக்குங்க சார். சங்கத்துப் பணம்னா பொண்ணு மார்க்குக்குக் கிடைச்சதுன்னு வாங்கிப்பேன்" என்றாள்.

முப்பத்தைந்து வருஷ தணிக்கையில் இப்படி ஒரு ஆட்சேபக் குறிப்பு எனக்கு வந்ததில்லை. தாத்தா ராஜா சோற்றைத் தலை நிமிர்ந்து தின்றார். ஏனென்றால் அது ஒரு தனி மனுஷர் போட்ட பிச்சை இல்லை, படிக்கிற பிள்ளைக்கென்று ஏற்பட்ட தர்மம். அந்தக் கௌரவம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று தலைமுறை கிடைத்தது. ராஜா பெயர் அதற்குத்தான் உபயோகப்பட்டது. அந்த அம்மாள் கேட்டதும் அதைத்தான். பெண் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தாயார் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுக்கிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. வாங்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே சபையின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம். நம்மிலும் ஏழைகள் இருக்கிறார்கள். கோயில் மடப்பள்ளியில் வேலை செய்பவர் வீட்டு விண்ணப்பங்களை நான் கண்ணால் பார்க்கிறேன். அதற்கு மேல் புதிதாக ஒரு பாகம் சேர்ப்போம். இந்த வட்டாரத்து அரசாங்கப் பள்ளிகளில் படிக்கும், கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஜாதி கேட்காமல், மார்க்கையும் வருமானத்தையும் மட்டும் பார்த்துக் கொடுக்கும் பாகம். இதற்கு நம் கிளை விதியில் ஒரு வரி திருத்தம் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் முறைப்படி தீர்மானம் கொண்டுவர உத்தேசம். ஆரம்ப மூலதனமாக என் மூன்று மாத பென்ஷனைக் கொடுக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். போன வருஷம் வரை நானே அந்தக் கருத்தில் இருந்தவன். அதனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிற ஊர்க் கிளைகளில் இப்படி ஏதாவது ஏற்கெனவே நடந்துவந்தால், விதியை எப்படி அமைத்தீர்கள் என்று பத்திரிகைக்கு எழுதுங்கள். எங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நிதிக்கு யார் பெயரும் வைக்க வேண்டாம். என் தாத்தா பெயரைச் சிலர் சொன்னார்கள். வேண்டாம். பணம் எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு ஒரு தணிக்கைக்காரன் வந்து கேட்டால், ஊர்ப் பணம் ஊருக்குப் போகிறது என்று சொன்னால் போதும்.

காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.